ஐந்துக்கு நாலு

எங்கள் குடியிருப்பில் மாடிக்கு மாடி லிப்ட் கதவருகே ஒரு பலகை: ‘டெலிவரி ஆட்கள் படியைப் பயன்படுத்தவும்.’ நாய்களுக்குத் தடையில்லை. போன வாரம் நல்ல மழை. நாலாவது மாடிக்குப் பரோட்டா சுமந்து வந்த பையனின் சட்டை சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. பைக்குள் சால்னா கொட்டியிருந்தது. முடிச்சை ஒழுங்காகப் போடாதது ஓட்டல்காரர். பக்கத்து வீட்டு அண்ணாச்சி பார்சலை வாங்கினார், முகர்ந்தார், வாசலில் நின்றபடியே கட்டைவிரலால் ஒற்றை ஸ்டார் தட்டி என்னிடம் காட்டினார். “இவனுங்களுக்கு இதுதான் சார் மருந்து!” குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு மட்டும் சுடச்சுட.

அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் கூலிகளை மேய்க்கக் கங்காணி இருந்தான். அவனுக்காவது தலைக்கு இவ்வளவு என்று துரை காசு கொடுத்தான். நாம் சம்பளமில்லாக் கங்காணிகள். மேஸ்திரி வைக்க மனமில்லாத கம்பெனி, பிரம்புக்கு மஞ்சள் பூசி நம் கையில் கொடுத்திருக்கிறது. ‘மதிப்புமிக்க வாடிக்கையாளரே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீசு வீசென்று வீசுகிறோம்.

ஐந்துக்கு நாலு என்றால் பள்ளிக்கூடத்தில் 80 மார்க். தெருவெல்லாம் மிட்டாய் கொடுப்போம். இங்கே சீட்டுக் கிழிந்துவிடும். அமெரிக்காவில் சராசரி 4.6-க்குக் கீழே இறங்கும் உபர் ஓட்டுநரின் பிழைப்பே போகலாம் என்று 2015-ல் செய்தி வந்தது. அதாவது, 91 வாங்கியவன் பெயில்! இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் சட்டசபைக்குப் போனால் மின்விசிறி மட்டும்தான் மிஞ்சும்.

இதற்கெல்லாம் முன்னோடி ஈபே. 1996-ல் அங்கே இந்த மார்க் முறை தொடங்கியபோது வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மார்க் போட்டார்கள். விற்பவர்கள் பழிவாங்குகிறார்கள் என்று புகார் எழுந்தது. நிஜமான புகார்தான். 2008-ல் நாட்டாமை தீர்ப்பு வந்தது: வாங்கியவரைப் பற்றி விற்றவர் இனி நல்லதை மட்டுமே சொல்லலாம். ரெண்டு பேர் சண்டையை ஒருத்தன் வாயைத் தைத்துத் தீர்த்த பஞ்சாயத்து!

நியாயமாகச் செய்ய வழியே இல்லையா? சால்னா கொட்டினால் ஓட்டல் கணக்கில் எழுது. சந்து தவறினால் மேப் கணக்கில் எழுது. யாரைப் பார்த்தாலும் ஒன்று போடுகிற கையின் ஒன்றுக்கு எடையைக் குறை. ஐடியை பிளாக் பண்ணுமுன் ஒரு மனுஷன் போனெடுத்து “என்னப்பா நடந்தது?” என்று பையனைக் கேட்கட்டும். கேட்க மாட்டார்கள். போனெடுக்கிற மனுஷனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே!

அன்று படியிறங்கிக்கொண்டிருந்த பரோட்டாப் பையனை நிறுத்தி, “அண்ணாச்சிக்கு நீ எத்தனை ஸ்டார் போடுவே தம்பி?” என்றேன். லிப்ட் பலகையை அண்ணாந்து பார்த்தான்.

“எங்களுக்கு அந்த பட்டன் இல்ல சார்” என்றான், சட்டை நுனியைப் பிழிந்தபடி.