காட்டாங்குளத்தூர்த் தொலைநகல்: பாடபேதமும் இடைச்செருகலும்

பொத்தேரிக்கும் மறைமலை நகருக்கும் நடுவே, டீக்கடைக்குப் போட்டியாக ஆய்வேடு பைண்டிங் கடைகள் செழிக்கும் காட்டாங்குளத்தூரில், இணையத் தொலைபேசியில் விட்ட ஃபேக்ஸ் ஏன் பாதியில் நிற்கிறது என்று எந்த ஆய்வேடும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்குறையை இக்கட்டுரை தீர்க்கிறது.

ஃபேக்ஸ் தோல்வி மூவகைப்படும்: தாளில்லாத் தோல்வி, ஆளில்லாத் தோல்வி, ஒலித் தோல்வி.

முதலாவதற்கு உரை வேண்டா.

இரண்டாவதற்குச் சான்று ஜம்மு. 2018 நவம்பர் 21 அன்று ஆட்சியமைக்க உரிமை கோரி முன்னாள் முதல்வர் மெஹபூபா முஃப்தி அனுப்பிய ஃபேக்ஸ் ஆளுநர் மாளிகையில் ஏறவில்லை. அன்றே சட்டமன்றம் கலைந்தது. மீலாது நபி விடுமுறை, வாங்க ஆளில்லை என்றார் ஆளுநர் சத்யபால் மாலிக்.

மூன்றாவதே நம் பொருள். அழைக்கும் பொறி 1,100 ஹெர்ட்சில் அரை விநாடி கூவி, மூன்று விநாடி காத்திருக்கும். இது விளி. எதிர்ப்பொறி 2,100 ஹெர்ட்சில் பதில் கீச்சிடும். இது மறுமொழி. பிறகு பேரம்: நொடிக்கு 14,400 பிட் வேகத்தில் தொடங்கி 9,600, 4,800 என்று இறங்கும். "2,400-க்கு வந்துட்டா கதை முடிஞ்சுது சார்" (ஜெராக்ஸ் கடை அண்ணன், வாய்மொழி).

செம்புக் கம்பி இந்தக் கீச்சை அப்படியே சுமந்தது. இணையமோ ஒலியை 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. ஜி.711 என்ற ஒலிக்குறியீட்டு முறையில் நொடிக்கு 64 கிலோபிட். ஃபேக்ஸ் ஓரளவு பிழைக்கும். ஜி.729 முறை அதை எட்டு கிலோபிட்டாகச் சுருக்கும். மனிதத் தொண்டையை மனதில் வைத்துச் செய்த சுருக்கம் அது. ஃபேக்ஸுக்குத் தொண்டை கிடையாது (மேற்படி அண்ணன், டோனர் குலுக்கியவாறே).

வழியில் ஒரு துண்டு தொலைந்தால்? முந்தைய ஒலியைப் பார்த்து, இதுவாகத்தான் இருக்கும் என்று கருவி தானே இட்டு நிரப்பிவிடும். செல்லரித்த ஏட்டில் விட்டுப்போன அடியைப் பதிப்பாசிரியர் நிரப்புவது போல. மனிதக் காது இதைக் கவனிக்காது. கருத்தரங்கில் கைதட்டவும் செய்யும். ஃபேக்ஸ் பொறி மட்டும் இடைச்செருகலை ஒப்புக்கொள்ளாமல் இணைப்பைத் துண்டிக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுத் தேர்வுக் குழுக்களில் இப்படியொரு பொறியை உறுப்பினராக்கலாம் (மேற்படி அண்ணன், திருத்திய இரண்டாம் பதிப்பு, அதாவது கரண்ட் வந்தபின் சொன்னது, முதல் பதிப்பின் வசைச்சொற்கள் நாகரிகம் கருதி நீக்கப்பட்டன).

1998-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் டி.38 என்ற நெறியைத் தந்தது. கீச்சை விட்டுவிட்டு, அதிலுள்ள தரவை மட்டும் அனுப்பி, மறுமுனையில் மீண்டும் கீச்சாக்குவது அதன் வழி. இரு முனையும் நடுவிலுள்ளோரும் அதை ஏற்கவேண்டும். மூன்று தரப்பும் ஒன்றுபடுவது கல்வெட்டு ஆய்விலேயே அரிது.

ஆகவே, அவசரக் கடிதமென்றால் ஜி.711 வையுங்கள், வேகத்தை 9,600-க்குக் குறையுங்கள், போன் போட்டு வந்ததா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் மின்சார ரயிலேறிப் போய் நேரில் கொடுங்கள். நகலில் சீல் வாங்க மறக்கவேண்டாம்.