குப்பைக்குழி இருந்த இடம்

எங்கள் கொல்லையில் ஒரு நீல டிரம் நிற்கிறது. 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு பிடி. மகாராஷ்டிரத்து சுபாஷ் பாலேக்கர் சொன்ன ஜீவாமிர்தக் கணக்கு. ஒரு ஏக்கருக்குக் காணும். தினமும் குச்சியால் வலப்பக்கமாகக் கலக்கிவிட வேண்டும். ஏன் வலப்பக்கம் என்று பயிற்சி வகுப்பில் கேட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், விடை மட்டும் வரவில்லை. இன்றைக்கும் வலப்பக்கமாகத்தான் கலக்குகிறேன். பணம் கட்டிப் படித்ததாயிற்றே.

டிரம் நிற்கிற இடத்தில்தான் தாத்தாவின் குப்பைக்குழி இருந்தது. சாணம், சாம்பல், மாடு தின்று கழித்த வைக்கோல் எல்லாம் அதற்குள் போகும். சித்திரையில் வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரி ஆடுகளை ஓட்டிவந்து கிடை போடுவார். இதற்கெல்லாம் அப்போது பெயர் கிடையாது. பெயர் இல்லாததற்குச் சான்றிதழும் கிடையாது.

1960ல் ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்துக்குப் பேக்கேஜ் திட்டம் வந்தது. சைக்கிளில் வந்த கிராம சேவக் ஒரு தாளில் வெள்ளை உப்பு மாதிரி கொஞ்சம் உரத்தை மடித்துத் தாத்தாவிடம் கொடுத்தாராம். தாத்தா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். அப்பா வயலில் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் பயிர் கரும்பச்சையாக நின்றது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் பேச்சு எடுபட்டது என்று சொல்லத் தேவையில்லை. ஆடுதுறை 27 நெல் வந்தது, ஐ.ஆர். 8 வந்தது, பூச்சிமருந்து எண்ட்ரின் வந்தது. நான் ஐந்தாவது படிக்கும்போது குப்பைக்குழியைத் தூர்த்து, அதன்மேல் சிமெண்ட் தளம் போட்டு உர குடோன் கட்டினார் அப்பா. குடோன் கூரைச் சட்டத்துக்காகக் கொல்லையில் நின்ற வேப்பமரம் போயிற்று.

அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். நான் படித்த படிப்பு அந்த குடோனிலிருந்து வந்தது.

நான் இயற்கை விவசாயத்துக்கு மாறியது 2014 சம்பாவில். அதற்கு முந்தின டிசம்பர் 30ஆம் தேதி அதன் முன்னோடி நம்மாழ்வார் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் காலமானார். உயிரோடு இருந்தபோது ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் பேச்சைக் கேட்டு, கைதட்டிவிட்டு, திரும்பும் வழியிலேயே பூச்சிமருந்து வாங்கிவந்தவன் நான். மனிதர் போனபிறகுதான் உறைத்தது. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் ‘நெல்’ ஜெயராமனிடம் 2 கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கினேன். அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஒற்றை நாற்றாக ஒரு மா நிலத்தில் நட்டேன். ஊரே வரப்பில் வந்து நின்று பார்த்தது.

நட்டு முப்பதாவது நாள் பயிர் வெளிறிக் கிடந்தது. பக்கத்து வயல் மாமாவுடையது. கண்ணில் குத்துகிற பச்சை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி குடோனைத் திறந்து, அரை மூட்டை யூரியாவைத் தோளில் போட்டுக்கொண்டு, சாராயக்கடைக்குப் போகிறவன் மாதிரி வாய்க்கால் ஓரமாகவே போனேன். இருட்டில் கைக்கு வந்தபடி வீசினேன். நாலாவது பிடி வீசும்போது முகத்தில் டார்ச் அடித்தது.

“என்ன மாப்ளே, தண்ணி பாக்க வந்தியா?”

“ஆமா மாமா.”

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. மூட்டையில் மிச்சமிருந்ததோடு அப்படியே திரும்பிவிட்டேன். ஒரு வாரத்தில் வயலே சொல்லிக்கொடுத்துவிட்டது: வெளிறிய பயிர் நடுவில், கை வீச்சு விழுந்த இடம் மட்டும் கரும்பச்சைத் திட்டாக. இலைச்சுருட்டுப் புழு முதலில் அங்கேதான் இறங்கியது. கார்த்திகை மழையில் சாய்ந்ததும் அந்தத் திட்டுதான். இடுப்புக்கு மேல் வளர்கிற நெல்லுக்கு யூரியா தாங்காது. சாயாமல் நிற்பதற்கென்றே குட்டை ரகத்தை உண்டாக்கினார்கள் என்பதைக் குப்புறக் கிடந்த பயிரிடம் படித்தேன். இந்த வகுப்புக்குக் கட்டணம் இல்லை.

சாயாத பகுதியில் விடியலில் போய் நின்றால் தூருக்குத் தூர் சிலந்திவலை, பனி கோத்து. மருந்தடித்த காலத்தில் புகையான் பூச்சியோடு சேர்த்துச் சிலந்தியையும் கொன்றுவிட்டு, அடுத்த முறை புகையான் மட்டும் இரண்டு மடங்காகத் திரும்பிவந்ததைப் பார்த்து இன்னும் விலைகூடிய மருந்து வாங்கியவர்கள் நாங்கள்.

மற்ற வயல்களை அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. 2015க்குப் பிறகு ஒருநாள் அவர் வாங்கிவந்த யூரியா மூட்டையில் ‘வேம்பு பூசியது’ என்று அச்சடித்திருந்தது. வேப்பெண்ணெய் பூசினால் தழைச்சத்து சீக்கிரம் வீணாகாமல் மெதுவாகக் கரையும் என்று கடைக்காரர் விளக்கினாராம். அப்பா மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, அண்ணாந்து கூரைச் சட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இத வெட்டாமயே இருந்திருக்கலாம் போலிருக்கே” என்றார். மறுவருடம் மூன்று ஏக்கரை என்னிடம் விட்டார்.

முழுக்க மாறிய முதல் வருடம் ஏக்கருக்கு 30 மூட்டை கண்ட வயல் 14 மூட்டை கொடுத்தது. இதைப் பயிற்சி வகுப்பில் சொல்வதில்லை. கீதாரியைத் தேடிப்பிடித்து மறுபடி கிடை போட்டேன். உளுந்து தெளித்தேன், தக்கைப்பூண்டு மடக்கி உழுதேன். மூட்டை மெல்ல ஏறுகிறது. 30ஐ இன்னும் தொடவில்லை. உரக்கடையில் எனக்குக் கணக்கும் இல்லை.

போன தை மாதம் ராத்திரி எட்டரை இருக்கும். கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார்; கையில் அதே டார்ச், அணைத்து வைத்திருந்தார்.

“என்ன மாமா, தண்ணி பாக்கக் கிளம்பிட்டீங்களா?”

“சத்தம் போடாதடா. வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் ரெண்டு மூட்டை வேணும். பேத்தி வந்துருக்கு, பிரசவத்துக்கு.”

“நெல்லு இருக்கு மாமா. அள்ளித்தரத்தான் சாக்கு இல்ல.”

“அது நான் கொண்டாந்திருக்கேன்” என்று கக்கத்திலிருந்ததை எடுத்து உதறினார். இரண்டும் யூரியா சாக்கு.