கழிவறை ஜன்னல்

தமிழ்நாட்டில் கால் வைக்கவே பயப்பட வேண்டிய தரை எது? கொடைக்கானல் பாறை, குற்றாலத்துப் பாசி என்று நீங்கள் அடுக்கலாம். இரண்டும் இல்லை. காவல் நிலையக் கழிவறை. உள்ளே போனவர் வழுக்கி விழுகிறார். விழுந்தால் ஒரு கை உடைகிறது, அல்லது ஒரு கால். நேரம் சரியில்லாதவருக்கு இரண்டும். மறுநாள் மாவுக்கட்டோடு படம் வருகிறது. அதே கழிவறைக்கு இருபது வருடமாகப் போய்வரும் ஏட்டையா மட்டும் ஒரு நாளும் வழுக்கியதில்லை. கைதானவர்கள் மட்டும் வழுக்கி விழும்படியாகவா அந்தக் கழிவறைகள் இருக்கின்றன என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. ஒரு பொதுப்பணித் துறைப் பொறியாளராவது டேப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாரா?

இந்தத் தரைக்கு மருந்தாகத்தான் இப்போது கேமராவைச் சொல்கிறார்கள். போலீஸ்காரர் நெஞ்சில் ஒன்று மாட்டிவிட்டால் போதும், சட்டம் தானாக நிமிர்ந்து நிற்குமாம். அதற்கொரு கொள்கை வேண்டுமாம். எழுதலாம். காகிதத்துக்கு இங்கே பஞ்சமா? ஏற்கெனவே எழுதியதற்கு என்ன ஆனது என்று மட்டும் ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம்.

2020 டிசம்பர் 2. பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை, கொல்லைப்புறம் என்று ஒரு மூலை விடாமல் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும், பேச்சும் பதிய வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டு. கழிவறைக்கு வெளியே கேமரா வைக்க வேண்டும், உள்ளே கூடாது. மனிதனின் மானத்தை நினைத்துப் போட்ட விலக்கு அது. முன்பே வழுக்கிக்கொண்டிருந்த தரைக்கு அதனால் ஒரு சட்ட அந்தஸ்தும் கிடைத்தது.

அந்தத் தீர்ப்புக்கு ஐந்தரை மாதம் முன்புதான் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஒரு தந்தையும் மகனும் அடிபட்டார்கள். அங்கே கேமரா இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, இருந்தது. ஒரு டெராபைட் வட்டும் இருந்தது. என் வீட்டில் மூன்று தலைமுறைக் கல்யாண வீடியோக்களைப் போட்டாலும் அதில் இடம் மிச்சமிருக்கும். ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்துபோகும்படி அந்த இயந்திரத்தைப் பழக்கியிருந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டு எழுதியது இது. தந்தையையும் மகனையும் இரவெல்லாம் அடித்தது அந்த வட்டில் இல்லை. எழுத்தில் ஒரு கதை இருந்தது: இருவரும் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் பட்டதாக முதல் தகவல் அறிக்கை. அறிக்கை சொன்னபடி எதுவும் நடக்கவில்லை என்பதைக் காட்டியது பக்கத்துக் கடையின் கேமரா. வியாபாரிக்குத் தன் கடைப் பதிவை அழிக்கத் தோன்றவில்லை, பாவம், பயிற்சி போதாது.

இனி நெஞ்சுக் கேமராவுக்கு வருவோம். கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற சின்ன ஊரில் 2012இல் இதைச் சோதித்தபோது போலீசார் மீதான புகார்கள் மளமளவென்று குறைந்தன. உலகமே கேமரா வாங்க ஓடியது. பிறகு வாஷிங்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களை வைத்துச் சோதித்தார்கள், முடிவு 2017இல் வந்தது. கேமரா மாட்டியவருக்கும் மாட்டாதவருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இடையில், 2016இல், பாரக் ஏரியல் என்ற ஆய்வாளரின் குழு ஒரு சங்கதியைக் கண்டுபிடித்திருந்தது. எப்போது ஓட விடுவது, எப்போது நிறுத்துவது என்பதைக் காவலரின் விருப்பத்துக்கு விடாத இடங்களில் அடிதடி குறைகிறது. விருப்பத்துக்கு விட்ட இடங்களில் கூடுகிறது. ஆக, விஷயம் லென்ஸில் இல்லை, பொத்தானில் இருக்கிறது. பொத்தான் யார் கையில்? லத்தி இருக்கும் அதே கையில்.

பொத்தான் ஒழுங்காக அழுத்தப்பட்டாலும் கதை முடிவதில்லை. 2020 மே 25, மினியாபோலிஸ். போலீசார் உடலில் கேமரா இருந்தது, ஓடவும் செய்தது. ஆனால் காவல் துறையின் முதல் அறிக்கையில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தை அழுத்திய போலீஸ் முழங்கால் இல்லை. உடல்நலக் கோளாறு மட்டும் இருந்தது. முழங்காலை உலகத்துக்குக் காட்டியது தெருவில் நின்ற 17 வயதுப் பெண்ணின் செல்போன்.

நம் ஊரிலும் கேமரா வேலை செய்யாமல் இல்லை. குடித்துவிட்டு டிராஃபிக் போலீஸ்காரரிடம் எவனாவது எகிறட்டும், அன்று மாலையே அது வாட்ஸ்அப்பில் வந்துவிடும், பின்னணி இசையோடு. நாம் எகிறினால் பதிவு, அவர்கள் எகிறினால் தொழில்நுட்பக் கோளாறு. கொள்கை எழுதுகிற ஐயாமார்களே, நான் கேட்பது ஒரே ஒரு வரி: கேமரா ஓடாத நேரத்தில் ஒருவன் எலும்பு உடைந்தால், உடைத்தது அங்கிருந்த காவலர் என்றே வைத்துக்கொண்டு வழக்குப் போடுங்கள், இல்லையென்று அவர் நிரூபிக்கட்டும். அழிந்த வட்டு அழித்தவனுக்குச் சாதகமாக இருக்கும்வரை நீங்கள் வாங்குவது கேமரா இல்லை, நகை. போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

அந்த வரியை எழுதும்போது சீருடை பற்றியும் யோசியுங்கள். 2025 ஜூன், திருப்புவனம். கோயில் காவலாளி ஒருவர், வயது 27. காரில் இருந்த நகை காணவில்லை என்று புகார். விசாரிக்க வந்தது தனிப்படை, சாதாரண உடையில். கேமராவை எங்கே மாட்டுவது, டீ-சர்ட் கழுத்திலா? கூட்டிப்போய் அடித்த இடமும் காவல் நிலையம் இல்லை, கோயிலுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. உச்ச நீதிமன்றம் பார்த்துப் பார்த்துப் போட்ட பட்டியலில் மாட்டுக் கொட்டகை கிடையாது. அவர் செத்துப்போனார். கொலை வழக்குகளில்கூட இவ்வளவு காயம் இருக்காது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் சொன்னார்கள்.

அந்த அடியில் சில நொடிகளாவது நாடு பார்த்தது என்றால், காரணம் அந்தக் கோயிலில் வேலை பார்த்த ஒருவர். கழிவறைக்குள் ஒளிந்து நின்று, ஜன்னல் வழியாகத் தன் செல்போனில் எடுத்தார். கொள்கை, டெண்டர், பட்ஜெட் எதுவும் இல்லாமல் ஓடிய கேமரா.

பிறகு தன் உயிருக்கு ஆபத்து என்று டி.ஜி.பி.க்கு மனு எழுதினார். காவலுக்கு ஆள் அனுப்பினார்கள். துப்பாக்கியோடு வந்து வாசலில் நின்றவர்கள் போலீஸ்காரர்கள்.