செல்லோடேப் மாமா

வி.எச்.எஸ். கேசட்டை 1976இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஜப்பான்காரர்கள் மனித சுபாவம் தெரிந்தவர்கள். கேசட்டின் முதுகில் ஓர் ஓரமாக, நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்தார்கள். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு எதையும் பதிய முடியாது. ரெக்கார்ட் பொத்தானை எத்தனை அழுத்தினாலும் டெக் மசியாது.

பாவம், அவர்கள் எங்கள் பெரிய மாமாவைப் பார்த்ததில்லை.

உடைந்த பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும் என்பது மாமாவுக்குத் தெரியும். எதுவும் சும்மா கிடக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 1996 உலகக் கோப்பை அரையிறுதியன்று வீட்டில் சும்மா கிடந்தது சித்தியின் கல்யாணக் கேசட். அதுவும் யாரோ பார்த்து, பாதியில் நிறுத்தி வைத்திருந்தது. 252 எடுக்க வேண்டிய ஆட்டத்தில், அணி 98 எடுத்திருந்தபோது சச்சின் அவுட். 'இனிமே ஜெயிச்சா அது சரித்திரம்' என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது.

இப்போது போட்டாலும், முகூர்த்தம் வரை ஒழுங்காகத்தான் ஓடும். சித்தப்பா தாலியைக் கையில் எடுப்பார். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்புவார். படத்தில் இரண்டு கோடு ஓடும். அப்புறம் ஈடன் கார்டன்ஸ். கெட்டிமேளத்துக்குப் பதில் கூட்டத்தின் கூச்சல். அட்சதை விழ வேண்டிய இடத்தில் தண்ணீர் பாட்டில் விழுகிறது. 120க்கு 8 விக்கெட். பெண்ணை அனுப்பும்போது பாட்டி அழுத இடத்தில் வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே போகிறார்.

மாமாவை நான் திட்டுவதில்லை. அவருக்குப் பெரிய இடத்துத் துணை இருக்கிறது. 1969இல் மனிதன் நிலாவில் கால்வைத்த காட்சியை அங்கிருந்து வந்தபடியே பதிந்த மூல நாடாக்கள் அழிக்கப்பட்டு, வேறு வேலைக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று தேடித் தேடி 2009இல் நாசாவே சொன்னது. காரணம், டேப் தட்டுப்பாடு. நாம் பார்ப்பது டி.வி. நிலையங்களில் மிஞ்சிய மங்கலான பிரதி. பி.பி.சி.யும் 1960களின் 'டாக்டர் ஹூ' பகுதிகள் பலவற்றை அழித்துவிட்டு டேப்பை மறுபடி பயன்படுத்திக்கொண்டது. திருடன் வரவில்லை, தீப்பிடிக்கவில்லை. சிக்கனமான மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். பின்னாளில் பி.பி.சி.க்குச் சில பகுதிகள் திரும்பக் கிடைத்தன, வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற பிலிம் பிரதிகளிலிருந்து.

எங்களுக்கும் ஒரு வெளிநாடு இருந்தது: சம்பந்தி வீடு.

வீடியோக்காரர் அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கேசட் தனியாகக் கொடுத்திருந்தார். அவர்களிடம் டெக் கிடையாது. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே, நாப்தலின் வாசனையோடு பத்திரமாக இருந்தது. பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வரவில்லை என்ற மனஸ்தாபம் இருந்ததால், இரவல் கேட்கவும் யாரும் போகவில்லை. மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகைச் சாதனத்தில் வேண்டும், ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த வேறு இடம் நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருப்பது உத்தமம் என்பது என் திருத்தம்.

வரன் தேடுவதைவிடக் கஷ்டம் இன்று டெக் தேடுவது. கடைசியாகத் தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமே 2016இல் நிறுத்திவிட்டது. டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைக்காரர் ஒருவர் கிடைத்தார். சம்பந்தி வீட்டிலிருந்து ஒருவழியாகக் கேட்டு வாங்கிய கேசட்டின் மூடியை முதலில் தூக்கிப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். பூஞ்சையோடு போட்டால் டேப்பும் போகும், டெக்கின் ஹெட்டும் போகும். நாப்தலின் புண்ணியமோ என்னவோ, சுத்தமாக இருந்தது.

மாமா இப்போது செல்போனுக்கு மாறிவிட்டார். பேத்தியின் முதல் நடையை மெமரி கார்டிலிருந்து தவறுதலாக அழித்தார். அழிப்பது என்றால் பெரும்பாலும் பட்டியலில் பெயரை அடிப்பதுதான். அதன்மேல் வேறு எதுவும் பதியாதவரை உள்ளே இருப்பதை மீட்க வாய்ப்புண்டு. கார்டைக் கழற்றி வைத்திருக்கலாம். மாமாவோ, 'கார்டு வேலை செய்யுதா பாப்போம்' என்று மின்விசிறியை நீளமாக ஒரு வீடியோ எடுத்தார்.

போன வாரம் கல்யாணப் படம் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதுல எவ்வளவுடா பிடிக்கும்?"

"ரெண்டு டி.பி., மாமா."

"கல்யாணம் எவ்வளவு?"

"நாலு ஜி.பி."

"அப்போ மிச்சமெல்லாம் சும்மாதானே கிடக்கு?"

அன்று சாயங்காலமே அதைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.