ஐம்பதில் ஒரு டிகிரி

ஜப்பானில் சவாரா என்ற ஊருக்கு இனோ டாடடாகா வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனது 1762இல். மாப்பிள்ளைக்கு 17 வயது. பெண்ணுக்கு நாலு வயது கூடுதல், இரண்டாம் கல்யாணம், சீதனமாக ஒரு நொடிந்த சாக்கே மது வியாபாரம். ஆள் அசரவில்லை. மது காய்ச்சினார், அரிசி வாங்கி விற்றார், வட்டிக்கு விட்டார். முப்பது வருஷத்தில் மாமனார் வீட்டுச் சொத்து பல மடங்கு ஆனது.

49 வயதில் சாவிக்கொத்தை மகனிடம் கொடுத்தார். இந்த வயதில் நம்மவர்கள் டாக்டர் மிரட்டினால் வாக்கிங் போவார்கள். இவரோ எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்து, வானசாஸ்திரம் சொல்லிக்கொடுங்கள் என்று டகஹாஷி யோஷிடோகியிடம் போய் நின்றார். குருவுக்கு வயது 31. சிஷ்யரின் மகனுக்கு அண்ணன் மாதிரி இருந்திருப்பார்.

இருவரையும் அரித்த கேள்வி: பூமி எவ்வளவு பெரிசு? அட்சரேகையில் ஒரு டிகிரி எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் 360ஆல் பெருக்கிவிடலாம். இனோ எடோவில் தன் வீட்டிலிருந்து அங்கேயே இருந்த அசகுசா வானாய்வுக்கூடம் வரை அடி எண்ணிக்கொண்டே நடந்து, விடையைக் கொண்டுபோய்க் காட்டினார். இந்தத் தூரம் எந்த மூலைக்கு, ஹொக்கைடோ வரை போனால்தான் சரிப்படும் என்றுவிட்டார் குரு.

அங்கெல்லாம் அரசாங்க அனுமதி இல்லாமல் போக முடியாது. பூமியின் சுற்றளவு தெரிய வேண்டும் என்று மனுப் போட்டால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவான்? நல்லவேளையாக வடக்கே ரஷ்யக் கப்பல்கள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தன. கடற்கரைக்கு ஒரு வரைபடம் வேண்டாமா என்று குருவும் சிஷ்யரும் கேட்டார்கள். தேசபக்தி என்றால் ஃபைல் நகரும். செலவில் பெரும்பகுதி மட்டும் இனோவின் கைக்காசு.

1800இல், 55 வயதில் கிளம்பினார். ஓர் எட்டு சுமார் 69 செ.மீ. மேடோ சேறோ, அதே அளவில் வைக்க வேண்டும். பேச்சுவாக்கில் எண்ணிக்கை தவறக் கூடாது. எத்தனை டிகிரி வந்தோம் என்று தெரிய, ராத்திரி மற்றவர்கள் குறட்டை விடும்போது நட்சத்திரத்தின் உயரம் அளக்க வேண்டும். பின்னால் வந்த பயணங்களில் கயிறும் சங்கிலியும் சேர்ந்துகொண்டன. கடைசியில் ஒரு டிகிரிக்கு, ஜப்பானியத் தூர அளவில், 28.2 ரி என்று விடை வந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 110.7 கி.மீ. குரு நம்பவில்லை. சிஷ்யர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அப்புறம் பிரெஞ்சு வானியலாளர் லாலாண்டின் நூல் டச்சு மொழிபெயர்ப்பில் கைக்கு வந்தது. பார்த்தால், கணக்கு அப்படியே பொருந்தியது. இருவருக்கும் கொண்டாட்டம்.

அரிப்பு தீர்ந்தது, வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சாக்குச் சொன்ன வரைபடம் ஆளைப் பிடித்துக்கொண்டது. 1804இல் கிழக்கு ஜப்பான் படத்தை நாட்டை ஆண்ட ஷோகன் பார்த்தார். மேற்கையும் அளந்துவிடு என்று உத்தரவு, இந்தத் தடவை அரசாங்கச் செலவில். அதே வருஷம் குரு போய்ச் சேர்ந்தார், பாவம், நாற்பதே வயது. இனோ எழுபது வயதுவரை அளந்துகொண்டிருந்தார்.

1818இல் அவரும் இறந்தபோது படம் முடியவில்லை. சிஷ்யர்கள் மூச்சுவிடாமல் வேலையைத் தொடர்ந்தார்கள். 1821இல் பெரிய படத்தை 214 தாள்களில் சமர்ப்பித்த பிறகுதான் சாவுச் செய்தி வெளியே வந்தது. அதுவரை மூன்று வருஷம், அரசாங்கக் கணக்கில் பெரியவர் டூட்டியில்தான் இருந்தார்.