பிள்ளை அசைவதைக் கவனிக்காமலிருக்கச் சில வழிகள்

இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலவில்தான், 1,891 மீட்டர். அந்தக் குளிரில் மாசமாக இருப்பவளின் வயிற்றில் என்ன நடக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமில்லை. மிட்வைஃப் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே வந்துவிடுகிறார். கிளினிக் இலவசம். எச்-512 என்று ஒரு கர்ப்பகாலப் பதிவு அட்டையையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் மீறி ஜெயிக்கக் குடும்பம், கங்காணி, துரை எல்லாரும் கைகோக்க வேண்டும். இந்தக் குறிப்புகள் அவர்களுக்குத்தான். மாசமானவளிடம் கேட்க வேண்டியதில்லை, என்றைக்குக் கேட்டோம்?

முதலில் அந்த அட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிடுங்கள். வயிற்றை டேப் வைத்து அளந்து அதில் எழுதுகிறார்கள். முப்பதாவது வாரமென்றால் ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். அதற்கும் கீழே போனால் பிள்ளை சரியாக வளரவில்லையோ என்று மேலும் பார்க்கச் சொல்வார்கள். மெஷின் எதுவும் வேண்டாம், தையல்காரர் டேப்பே போதும். போன மாத அளவும் இந்த மாத அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும். ஆகவே ஒரு கிளினிக்கையாவது தவறவிடச் செய்யுங்கள். கொழுந்து நிறைந்திருக்கும் நாளில் வராவிட்டால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் விழும் என்று கங்காணி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள், சுடச்சுடத் தேத்தண்ணியோடு. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. கல்சியம் மாத்திரையையும் அதே மடக்கில் விழுங்க வைத்தால் இன்னும் நல்லது, அதுவும் தடுக்கும். கிளினிக்கில் அவளுக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லாருக்கும் பங்கு வையுங்கள். இரத்தப் பரிசோதனையில் 11 என்று வந்தால் சந்தோஷப்பட்டுவிடுங்கள். உயரமான ஊரில் ஹீமோகுளோபின் கூடுதலாகவே காட்டும், அதற்காகக் கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை மலையில் யார் கேட்கப் போகிறார்கள்.

முகம் வீங்கினால் "பூரிப்பு" என்று சொல்லுங்கள். வளையல் இறுகினால் சோப்புப் போட்டுக் கழற்றுங்கள். தலை வெடிக்கிறதென்றால் தைலம் இருக்கிறது. கண் மங்குகிறதென்றால் பட்டிப்பொலவில் பனிமூட்டம் புதுசா? பிரஷர் 140க்கு 90 என்று ஏறியிருப்பதும், சிறுநீரில் அல்புமின் போவதும் பார்த்தால்தானே தெரியும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது அசைவு. மற்றதற்கெல்லாம் ஒரு கருவியோ ஆளோ வேண்டும், இது அவளுக்குத் தானாகவே தெரிந்துவிடும். காலையிலிருந்து எண்ணி, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரியாவிட்டால், அல்லது வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டால், விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போ என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். எண்ண விடாதீர்கள். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு, காலடியில் சறுக்கும் மலை: இப்படி நிற்பவள் கிலோவை எண்ணட்டும். அப்படியும் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் வந்து, "மாமி, காலையிலிருந்து அசையவே இல்லை" என்பாள். "குளிருக்குச் சுருண்டு தூங்குது" என்று சொல்லிவிடுங்கள். "நான் அஞ்சு பெத்தேன், எதை எண்ணினேன்?" என்றும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அஞ்சில் எத்தனை தங்கியது என்று அவள் கேட்கமாட்டாள், மருமகள் அல்லவா.

மிட்வைஃப் மட்டும் அன்றைக்கு வராமல் இருக்க வேண்டும். வந்தால் அலுமினியக் குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுப்பார். நிமிஷத்துக்கு 110இலிருந்து 160வரை துடிப்பு கேட்கிறதா என்று பார்ப்பார். அந்தக் குழல் பினார்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்தது. பற்றரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம் என்பதால் மின்வெட்டைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. துடிப்பு கேட்டாலும் அவர் விடமாட்டார். அசைவு குறைந்தது என்றால் குறைந்ததுதான், உடனே புறப்படு என்பார்.

கடைசியில் போயே ஆக வேண்டும் என்றாகிவிட்டால் 1990க்கு அழைக்காதீர்கள். சுவசெரிய ஆம்புலன்ஸ் காசு வாங்காது, அதனாலேயே நமக்குச் சந்தேகம். கொழுந்து லொறி வரட்டும். முதலில் நிறுக்கும் மடுவத்தில் கொழுந்தை இறக்கிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். தாமதமானால் கொழுந்து பழுதாகிவிடும்.