ஆதி ரசிகர்

ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் குழு எந்த வருஷத்தில் கெட்டுப்போயிற்று என்று மட்டும் ஆதி ரசிகரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்றைய மற்றக் காரியங்களை மறந்துவிட வேண்டியதுதான்.

1988 என்றுதான் முதலில் சொல்லுவார். ஜார்ஜியா மாகாணத்து ஏதென்ஸ் நகரில், இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த பீட்டர் பக்கும், அங்கே தட்டு வாங்க வந்துபோன மைக்கேல் ஸ்டைப்பும் சிநேகமாகி, இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்த குழு, ஐ.ஆர்.எஸ். என்ற சிறு கம்பெனியில் ஐந்து ஆல்பங்கள் போட்டு முடித்தபின், வார்னர் பிரதர்ஸ் என்னும் மகா சமஸ்தானத்தில் பிரவேசித்து, ஜனாதிபதித் தேர்தல் நடந்த நவம்பர் 8-ஆம் தேதியன்றே 'கிரீன்' ஆல்பத்தை வெளியிட்டதே, அதுதான் அவர் கணக்கில் பிரளயம். பெயரோ பச்சை, அட்டையோ ஆரஞ்சு. போதாக்குறைக்கு, குழந்தையும் கூடவே பாடிவிடக்கூடிய 'ஸ்டாண்ட்' என்ற பாட்டு வேறு. அது அமெரிக்கப் பட்டியலில் 6-ஆம் இடம் வரை ஏறியதை, சொந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த அபகீர்த்தியாகவே இன்றும் பாவிக்கிறார்.

"ஆனால் 1987-லேயே 'தி ஒன் ஐ லவ்' முதல் பத்துக்குள் வந்துவிட்டதே?" என்று யாராவது பணிவுடன் ஞாபகப்படுத்தினால், மனுஷர் தோற்றுப்போவார் என்று நினைக்க வேண்டாம். பரமானந்தத்துடன் அதை ஒப்புக்கொண்டு, வீழ்ச்சியை ஒரு வருஷம் முன்னுக்கு நகர்த்திவிடுவார். அங்கேயும் நிற்கமாட்டார். 1986-ல் டான் கேமன் என்ற தயாரிப்பாளர் வந்து, ஸ்டைப் பாடுகிற சொற்கள் காதில் தெளிவாக விழும்படி செய்துவிட்டாரல்லவா? பாட்டு புரிவது ஆதி ரசிகரின் சாஸ்திரத்தில் மன்னிக்க முடியாத தோஷம். அப்படியானால், ஒரு வரியும் பிடிபடாத 1983-ஆம் வருஷத்து 'மர்மர்' உத்தமந்தானே என்றால், அதில் 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' பாட்டை மறுபடி பதிவு செய்து மெருகேற்றிவிட்டார்களாம். 1981-ல் ஹிப்-டோன் கம்பெனி போட்ட சிறு தட்டே அசல். அதற்கும் முன்னால் போய், 1980 ஏப்ரல் 5-ஆம் தேதி ஒரு பழைய மாதாகோவிலில் நடந்த பிறந்தநாள் விருந்தில் முதன்முதல் வாசித்தார்களே, அந்த ஒரு ராத்திரிதான் பரிசுத்தமான சங்கீதம் என்று முடிப்பார். அந்த ராத்திரி இவர் அந்த ஊரிலேயே இல்லை.

'கிரீன்' குறையற்றது என்று வாதாட நான் வரவில்லை. 'ஸ்டாண்ட்' எனக்கும் ஒரு தடவைக்கு மேல் தாங்காது. ஆனால் அதே ஆல்பத்தில், 'யூ ஆர் தி எவ்ரிதிங்' என்ற பாட்டில், எந்தச் சந்தையையும் உத்தேசிக்காமல் ஒரு மாண்டலின் தயங்கித் தயங்கி ஒலிக்கிறது. அந்த மாண்டலின்தான் 1991-ல் 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டாகி உலகமெல்லாம் சுற்றியது. இதை அவர் கேட்கமாட்டார். கேட்காவிட்டால் போகட்டும், 'ஸ்டாண்ட்' பிடிக்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்ட பதினாறு வயதுப் பெண்ணை, ஒரு கூடம் நிறைந்த மனிதர் முன்னிலையில் கேலி செய்து, அவள் அப்புறம் இசையைப் பற்றி வாயே திறக்காதபடி செய்தாரே, அது எந்த ரசனையில் சேர்த்தி? எனக்கு அது பிடிக்கவில்லை.

இத்தனைக்கும், 2011 வரை வந்த ஒவ்வொரு ஆல்பத்தையும் வெளியான அன்றே வாங்கி, தூசி படாமல் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். அந்த வருஷம் செப்டம்பரில் குழு கலைந்த செய்தி வந்தபோது, விசாரிக்கப் போன என்னிடம், முகம் சிவந்து, கண் கலங்கி, "இருபத்துமூன்று வருஷம் தாமதம்" என்றார். பிறகு சற்று யோசித்து, "முப்பத்தொன்று" என்று திருத்திக்கொண்டார்.